வேலையை விட்டுவிட்டு நடிக்க வரலாமா?

பினாங்கின் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலையொன்றில் ஷிஃப்டு வேலை செய்யும் 27 வயது வாசகி ஒருவர், இரண்டு தொலைக்காட்சி நாடகங்களில் சிறு வேடங்களில் நடித்திருக்கிறார். வேலையை விட்டுக் கோலாலம்பூருக்குக் குடிபெயரலாமா என்றும், ஒரு நாடகத்துக்கான சம்பளம் எட்டு மாதமாகியும் வராததற்கு என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறார்.

இப்போதைக்கு வேலையை விடாதீர்கள். மலேசியாவில் தமிழ் நாடகங்களை ஒளிபரப்புபவை பெரும்பாலும் அரசு ஒளிபரப்பு நிறுவனமான ஆர்டிஎம், கட்டணத் தொலைக்காட்சியான ஆஸ்ட்ரோ ஆகியவையே என்பதால், நடிகருக்கு வேலை நாள்கணக்கில்தான் வருகிறது. ஒரு தொடரில் ஆறு நாள் நடித்துவிட்டு அடுத்த இரண்டு மாதம் சும்மா இருப்பது அனுபவசாலிகளுக்கும் நேர்வதுதான். ஷிஃப்டு வேலை இடைஞ்சல் என்று எழுதியிருக்கிறீர்கள். வார நாள்களில் ஓய்வு கிடைப்பவரால்தான் கால்ஷீட் கொடுக்க முடியும் என்பதால், நான் அதை வசதியென்றே சொல்வேன். மலாய் சரளமாகப் பேசுவீர்களானால் மலாய் நாடகம், விளம்பரம், டப்பிங் ஆகியவற்றுக்கும் முயலுங்கள். தமிழ் நாடகங்களை மட்டும் நம்பி வாடகை கட்டுவது கடினம்.

முதல்கட்டத் தேர்வுக்குப் பினாங்கிலிருந்து பேருந்து ஏற வேண்டியதில்லை; நீங்களே பதிவு செய்து அனுப்பும் காணொளி போதும். கைப்பேசியைக் கண் மட்டத்தில் படுக்கைவாக்கில் நிறுத்தி, சன்னலைப் பார்த்து நின்று, நெஞ்சுக்கு மேல் மட்டும் தெரியுமாறு எடுங்கள். எதிர்ப் பாத்திரத்தின் வசனத்தைப் படிப்பவர் கேமராவுக்கு ஒட்டினாற்போல் நிற்க வேண்டும். இல்லையென்றால் உங்கள் பார்வை எங்கோ போய்விடும். மின்விசிறியை நிறுத்துங்கள் (வேர்த்தால் வேர்க்கட்டும்). படப்பிடிப்பிலோ வேறொரு பழக்கம் தேவை: தேநீர்க் குவளையை எந்தச் சொல்லில், எந்தக் கையால் எடுத்தீர்களோ, அதே காட்சியை அடுத்த கோணத்தில் எடுக்கும்போதும் அதே சொல்லில், அதே கையால் எடுக்க வேண்டும். இதைத் தவறாமல் செய்பவரை இயக்குநர் மறுபடியும் அழைப்பார்; அழகைவிட இதற்கு மதிப்பு அதிகம்.

விளம்பரத்தில் நடித்தால், அன்றைய சம்பளத்தோடு, உங்கள் முகத்தை எத்தனை மாதம், எந்தெந்த ஊடகங்களில் பயன்படுத்துவார்கள் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 2017ஆம் ஆண்டுச் சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் சொக்சோ எனப்படும் சமூகப் பாதுகாப்பு அமைப்பில் கலைஞர்களும் பதிந்துகொள்ளலாம்; அது வேலையின்போது நேரும் விபத்துக்கான பாதுகாப்பு.

நிலுவைச் சம்பளத்துக்கு வருகிறேன். 'ஒளிபரப்பான பிறகு தருகிறோம்' என்பதைக் கெடுவாக ஏற்காதீர்கள், ஏனெனில் ஒளிபரப்பு நாள் தயாரிப்பாளர் கையில்கூட இல்லை. இனி, தேதியைக் குறிப்பிட்டுத் தரும் வாக்கை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். இந்தப் பாக்கிக்கு, 14 நாள் கெடு வைத்து முதலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். பலன் இல்லையென்றால், 5,000 ரிங்கிட்டுக்கு மேற்படாத தொகையை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை நடைமுறையில், வழக்கறிஞர் இல்லாமல், 198ஆம் எண் படிவத்தை நிரப்பி நீங்களே கோரலாம். அதற்கு ஆதாரமாக, படப்பிடிப்புக்கு உங்களை அழைத்த கால்ஷீட் தாளையும் சம்பளம் பேசிய வாட்ஸ்அப் செய்திகளையும் கைப்பேசி மாற்றுவதற்குள் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.