கட்டி எதனால் வளர்கிறது, எதனால் அடங்கும்? கேள்வி பதில்

பயாப்ஸித் துண்டுகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது என் வேலை. கட்டி எப்படி வளர்கிறது என்று கேளுங்கள், சொல்கிறேன். மருந்தின் அளவு, கீமோ எத்தனை முறை என்பதையெல்லாம் உங்களுக்குச் சிகிச்சை தருபவரிடம்தான் கேட்க வேண்டும்.

பெரம்பூர்: அம்மாவுக்கு மார்பகத்தில் கட்டி. ரிப்போர்ட்டில் கேஐ-67 40% என்று இருக்கிறது. நாற்பது சதவீதம் பரவிவிட்டதா மேடம்?

இல்லை அம்மா. பரவியதற்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. பயாப்ஸித் துண்டை மெழுகில் பதித்து, மூன்று நான்கு மைக்ரான் தடிமனுக்குச் சீவி, கண்ணாடியில் ஒட்டி, கேஐ-67 என்ற புரதத்தைக் காட்டும் சாயம் ஏற்றுவோம். பெருகும் வேலையில் இறங்கிவிட்ட செல்லின் உட்கரு பழுப்பாகத் தெரியும். சும்மா இருக்கும் செல் நீலமாக நிற்கும். நூறு புற்றுச் செல்களை எண்ணினால் நாற்பது பழுப்பு, அவ்வளவுதான். வேகமாக வளர்கிற கட்டி என்பது உண்மை. ஆனால் கீமோ நன்றாக வேலை செய்வதும் பெரும்பாலும் அப்படிப் பெருகும் செல்களிடம்தான்.

அதே ரிப்போர்ட்டில் ஈஆர் (ஈஸ்ட்ரோஜன் ஒட்டும் இடம்), பிஆர் (புரோஜெஸ்டிரோன் ஒட்டும் இடம்), ஹெர்2 (செல்லை வளரத் தூண்டும் ஒரு புரதம்) என்ற வரிகளைப் பாருங்கள். கட்டிக்குத் தீனி எது என்பது அங்கேதான் இருக்கிறது. ஈஆர் பாசிட்டிவ் என்றால் ஈஸ்ட்ரோஜன் அதை வளர்க்கிறது. சினைப்பைகளை எடுத்தால் சில பெண்களுக்கு மார்பகப் புற்று சுருங்குகிறது என்று ஸ்காட்லாந்து சர்ஜன் ஜார்ஜ் பீட்சன் 1896-லேயே எழுதினார். காரணம் அப்போது யாருக்கும் பிடிபடவில்லை. இன்று டமாக்சிஃபென் மாத்திரை அந்த ஹார்மோன் செல்லில் போய் ஒட்டும் இடத்தை அடைத்துவிடுகிறது. ஹெர்2 பாசிட்டிவ் என்றால் 1998-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டிராஸ்டுசுமாப் போன்ற மருந்துகள் இருக்கின்றன. ஒரு கட்டியை அடக்கும் மருந்து இன்னொன்றை அசைக்காது. எது எந்த வகை என்று பயாப்ஸி பார்க்காமல் சொல்லவே முடியாது. அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

பல்லாவரம்: ஊசி குத்தினால் கட்டி பரவும் என்கிறார்களே?

மிக மிக அரிது. விரை, சினைப்பை போன்ற சில இடங்களில் மட்டும் ஊசி போடாமல் முழுதாக எடுப்பது வழக்கம். அது சர்ஜனுக்குத் தெரியும். பயந்துகொண்டு மாதக்கணக்கில் வீட்டில் உட்காரும்போதுதான் பரவுகிறது.

மயிலாப்பூர்: சின்னதாகவே பல வருடம் கிடக்கும் கட்டி திடீரென்று வளர்வது ஏன்?

நல்ல கேள்வி சார். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வரை பக்கத்துத் திசுவிலிருந்து கசிந்து வரும் ஆக்சிஜனே கட்டிக்குப் போதும். அதற்கு மேல் சொந்தமாக ரத்தக் குழாய் வேண்டும். நம் தெருவில் மெட்ரோ வாட்டர் லைனில் திருட்டுத்தனமாக மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்களே, அதே கதைதான். கட்டி சில புரதங்களைச் சுரந்து, அக்கம்பக்கத்துக் குழாய்களைத் தன் பக்கம் கிளைவிட வைக்கிறது. இதை 1971-இல் முன்வைத்தவர் அமெரிக்க சர்ஜன் ஜூடா ஃபோக்மேன். அந்தப் புரதங்களில் ஒன்றைத் தடுக்கும் பெவாசிசுமாப், பெருங்குடல் புற்றுக்காக 2004-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பெரும்பாலும் அது கட்டியைத் தாமதப்படுத்தும், ஒழித்துவிடாது.

அண்ணா நகர்: சர்க்கரைதான் கட்டிக்கு உணவு என்று வீடியோவில் பார்த்து அப்பாவுக்குச் சோறு, பழம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம். சரிதானே?

சரியில்லை, இன்றைக்கே சாப்பாடு கொடுங்கள். அவர் சாப்பிடாவிட்டாலும் கல்லீரல் குளுக்கோஸ் தயாரித்து ரத்தத்தில் விட்டுக்கொண்டேதான் இருக்கும். தசையைக் கரைத்தாவது தயாரிக்கும். கட்டிக்குப் போவது போய்க்கொண்டே இருக்கும், மெலிவது அப்பாதான். எடை இறங்கினால் கீமோவையும் தள்ளிப்போடுவார்கள்.

அண்ணா நகர், மறுபடியும்: ஜெர்மன் விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க் இதற்குத்தானே நோபல் பரிசு வாங்கினார்? பெட் ஸ்கேனே சர்க்கரையை வைத்துத்தானே எடுக்கிறார்கள்?

1931-இல் அவருக்கு நோபல் கிடைத்தது சுவாச நொதி பற்றிய வேலைக்கு. கட்டி குளுக்கோஸை அதிகமாக இழுக்கிறது என்று அவர் கண்டது உண்மை, பெட் ஸ்கேன் அதைப் பயன்படுத்துவதும் உண்மை. ஆனால் அது கட்டி இருக்கும் இடத்தைக் காட்டும் வழி. குளுக்கோஸ் கிடைக்காவிட்டால் குளூட்டமின் என்ற அமினோ அமிலத்தையும் கொழுப்பையும் எரித்துப் பிழைக்கத் தெரிந்த செல்கள் அவை.

கொளத்தூர்: அப்போ வெல்லம், கருப்பட்டி?

குடலைத் தாண்டினால் எல்லாம் ஒன்றுதான்.

வேளச்சேரி: இனிப்பு இஷ்டம் போல் சாப்பிடலாம் என்கிறீர்களா?

அப்படிச் சொல்லவில்லை. உடல் பருமன் பல புற்றுகளின் வாய்ப்பைக் கூட்டுகிறது. ஈஸ்ட்ரோஜனும் இன்சுலினும் ஏறுவது அதற்கு முக்கியக் காரணங்கள். சர்க்கரை நோய் இருந்தால் அதைக் கட்டுப்பாட்டில் வைத்தே ஆக வேண்டும். நான் எதிர்ப்பது நோயாளியைப் பட்டினி போடுவதை. அண்ணா நகர்க்காரர் இன்னும் வாதம் செய்தாலும் இதுதான் பதில். அப்பாவுக்கு முட்டை, பருப்பு, மீன், தயிர் கொடுங்கள் தம்பி.

தாம்பரம்: நித்தியகல்யாணி இலையை அரைத்துக் குடித்தால் கட்டி கரையுமாமே?

வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் இரண்டும் அந்தச் செடியிலிருந்து வந்தவைதான். செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இழுக்கும் நுண்குழல்கள் உருவாகவிடாமல் தடுக்கின்றன. ஆனால் வின்கிரிஸ்டினை மில்லிகிராம் கணக்கில் ரத்தக் குழாயில் ஏற்றுகிறோம், கொஞ்சம் கூடினாலும் நரம்பு மண்டலம் பாதிக்கும். ஒரு கைப்பிடி இலையில் எவ்வளவு இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? குடிக்காதீர்கள்.

போரூர்: ஃபைப்ராய்டு, அதாவது கருப்பையில் வரும் தசைக் கட்டி, புற்றாக மாறுமா?

மாறுவதில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். மாதவிடாய் நின்றபின் பெரும்பாலும் சுருங்கும். அதற்குப் பிறகும் வளர்ந்தால் காட்டுங்கள்.

ஆவடி: பயாப்ஸி எடுத்தால் பரவுமா?

பல்லாவரத்துக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

திருவான்மியூர்: கீமோ முடிந்தது. நடைப்பயிற்சியால் பயன் உண்டா?

உண்டு. பெருங்குடல் புற்றுக்குக் கீமோ முடித்த 889 பேரை வைத்து நடந்த ஆய்வு 2025-இல் வெளியானது. மூன்று வருடம் பயிற்சியாளர் துணையோடு உடற்பயிற்சி செய்தவர்களில் ஐந்தாம் ஆண்டில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 80.3%, அறிவுரைக் கையேடு மட்டும் பெற்றவர்களில் 73.9%. உங்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு நாளைக்கே பீச்சுக்குக் கிளம்புங்கள்.

வியாசர்பாடி: தம்பிக்கு மாவா பழக்கம். கன்னத்துக்குள் வெள்ளைத் திட்டு, நடுவில் ஆறாத புண். மாவாவை விட்டால் போய்விடுமா?

விடவேண்டும், இன்றே. பாக்குக்கே புற்று உண்டாக்கும் குணம் உண்டு, மாவாவில் புகையிலையும் சேர்கிறது. விட்டபின் சில திட்டுகள் மறையும். ஆனால் இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண்ணைக் காத்திருந்து பார்க்கக் கூடாது. சென்ட்ரல் எதிரே ஜி.எச்., ராயப்பேட்டை ஜி.எச்., அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட், எது பக்கமோ அங்கே இந்த வாரமே கூட்டிப் போங்கள். துண்டு எடுக்க வேண்டும் என்றால் சரி என்று சொல்லுங்கள்.