தேதி தெரியாத வாட்ச்

போன இதழ்ல சாவி குடுக்கற வாட்ச் பத்தி எழுதினதுல இருந்து அந்தக் குட்டி தேதிக் கட்டத்தைப் பத்தியே கேள்வியா வந்து குவியுது. அதனால இந்த தடவை அது மட்டும்தான்.

கேள்வி: என் ஆட்டோமேட்டிக் வாட்ச்ல தேதி மத்தியானம் 12 மணிக்கு மாறுது. ரிப்பேரா?

பதில்: ரிப்பேர் இல்லீங்க. மணி முள்ளு ஒரு நாளைக்கு ரெண்டு சுத்து சுத்தும்ல, அதுல பாதி வேகத்துல ஓடற இன்னொரு சக்கரம் டயலுக்கு அடியில இருக்கு, 24 மணி நேரத்துக்கு ஒரு சுத்து. அதுல விரல் மாதிரி ஒண்ணு நீட்டிட்டு இருக்கும், அது வந்து தேதி வளையத்தோட ஒரு பல்லைத் தள்ளினா அடுத்த தேதி. அந்த சக்கரத்துக்கு பகலா ராத்திரியான்னு ஒண்ணும் தெரியாது, டைம் வைக்கும்போது நீங்க 12 மணி நேரம் தள்ளி வச்சுட்டீங்க, அவ்ளோதான். முள்ளை முன்னாடி சுத்திட்டே வாங்க, தேதி எப்ப மாறுதோ அதுதான் வாட்சுக்கு நடுராத்திரி. அங்கிருந்து கணக்கு பண்ணி டைம் வைங்க.

கேள்வி: ராத்திரி 9 மணிக்கு மேல தேதியைத் திருப்பக் கூடாதுன்னு சொல்றாங்களே, உண்மையா இல்ல சும்மா பயமுறுத்தறதா?

பதில்: உண்மைதான். அந்த விரல் சரியா 12 மணிக்கு வந்து டக்குனு தட்டிட்டுப் போயிடும்னு நினைக்காதீங்க, நிறைய வாட்ச்ல 9 மணி வாக்குலயே பல்லை ஒட்டி வந்துடும், மெதுவா தள்ளி, வளையம் மாறி, முழுசா விலகறதுக்கு விடிகாலை 3 மணி கூட ஆயிடும். அந்த நேரத்துல சாவியை ஒரு படி இழுத்து தேதியை வேகமா திருப்பினா விரல் ஒரு பக்கம் பிடிச்சுட்டு நிக்கும், நீங்க இன்னொரு பக்கம் தள்ளுவீங்க, நடுவுல உடையறது பாவம் பல்லு. நானே ஒரு தடவை கல்யாணத்துக்குக் கிளம்பற அவசரத்துல ராத்திரி 11 மணிக்குத் திருப்பி உள்ள 'கடக்'னு கேட்டிருக்கேன், அப்புறம் மூணு வாரம் வெறும் கையோட திரிஞ்சேன். இப்ப வர்ற சில மாடல்ல விரலை வளைஞ்சு குடுக்கற மாதிரி செய்றாங்க, ஆனா உங்களுது அப்படிப்பட்டதான்னு சோதிச்சுப் பாக்க வேண்டாம். முள்ளை 6 மணிக்குக் கொண்டு வாங்க, முந்தின நாள் தேதியை வைங்க, அப்புறம் முள்ளையே முன்னாடி சுத்தி நடுராத்திரியைத் தாண்டி இன்னைக்குத் தேதிக்கு வாங்க. பகலா ராத்திரியாங்கற குழப்பமும் இதுலயே தீர்ந்துடும்.

கேள்வி: எனக்கு வருஷத்துல அஞ்சு தடவை தேதி மாத்த வேண்டியிருக்கு. ஆனா பிப்ரவரி 28ஐக் கூட தானா கண்டுபிடிக்கற வாட்ச் இருக்குன்னு நண்பன் சொல்றான். பேட்டரியே இல்லாம எப்படி?

பதில்: உங்க வாட்ச்ல தேதி வளையத்துக்கு 31 பல்லு, அதுக்குத் தெரிஞ்ச உலகம் அவ்ளோதான். 1945ல ரோலெக்ஸ் டேட்ஜஸ்ட் வந்தப்ப ஆட்டோமேட்டிக் கைக்கடிகாரத்துல தேதி சின்ன ஜன்னல்ல தானா மாறினதே பெரிய விஷயம். 1996ல பட்டேக் ஃபிலிப்ங்கற ஸ்விஸ் வாட்ச் கம்பெனி ஆனுவல் காலண்டர்னு ஒண்ணு விட்டாங்க, அதுக்கு 30, 31 வித்தியாசம் தெரியும் ஆனா பிப்ரவரியையும் 30 நாள்னு நினைச்சுக்கும், அதனால வருஷத்துக்கு ஒரே ஒரு தடவை கை வச்சா போதும்.

உங்க நண்பர் சொல்றது பர்பெச்சுவல் காலண்டர். அதுல ஓரம் பூரா வெட்டி வச்ச ஒரு தட்டு இருக்கும், நாலு வருஷத்துக்கு ஒரு சுத்து, அதாவது 48 மாசம். 31 நாள் மாசத்துக்கு மேடு, 30 நாளுக்கு லேசான பள்ளம், பிப்ரவரி 28க்கு நல்ல ஆழமான பள்ளம், லீப் வருஷத்து 29க்கு அதைவிட கொஞ்சம் கம்மி. 28 மேடு, 20 பள்ளம், இதுதான் அதோட மொத்த ஞாபக சக்தி. ஒரு லீவரோட மூக்கு அந்த ஓரத்தைத் தடவிட்டே இருக்கும். பள்ளம் எவ்ளோ ஆழமோ லீவர் அவ்ளோ பின்னால போகும், பின்னால போனா மாசக் கடைசியில தள்ளற தூரமும் ஜாஸ்தி, அப்ப 28ல இருந்து 29, 30, 31 எல்லாத்தையும் ஒரே மூச்சுல தாண்டி 1க்கு வந்துடும். கண்ணு தெரியாதவங்க விரலால தடவிப் படிப்பாங்களே, கிட்டத்தட்ட அதுதான். லண்டன்ல தாமஸ் மட்ஜ் 1760கள்லயே இதைப் பாக்கெட் வாட்சுக்குள்ள செஞ்சு வச்சுட்டாரு, கைக்கடிகாரத்துக்கு வந்தது 1925ல, அதுவும் பட்டேக் ஃபிலிப்தான்.

ஒரு எச்சரிக்கை. 1985ல ஐடபிள்யூசிங்கற ஸ்விஸ் கம்பெனி டா வின்சின்னு இந்த மாதிரி ஒரு மாடல் விட்டாங்க, கர்ட் கிளவுஸ்ங்கறவரு டிசைன் பண்ணது, மொத்தக் காலண்டரும் ஒரே சாவியில திரும்பும், வருஷத்தைக் கூட நாலு இலக்கமா காட்டும். ரொம்ப வசதி, ஆனா முன்னாடி மட்டும்தான் போகும். கை தவறி நாலு நாள் அதிகமா திருப்பிட்டா வாட்சை நிறுத்தி வச்சுட்டு நாலு நாள் காத்திருக்க வேண்டியதுதான்.

கேள்வி: பர்பெச்சுவல்னா எப்பவும் சரியா இருக்கும்னுதானே அர்த்தம்?

பதில்: 2100 பிப்ரவரி வரைக்கும் சரியா இருக்கும். 1582ல காலண்டரைத் திருத்தினப்ப அக்டோபர் 4க்கு அடுத்த நாளே 15னு போட்டு பத்து நாளை முழுங்கினாங்க, லீப் வருஷம் ஜாஸ்தியாகி கணக்கு பிசகின அந்தக் குழப்பம் திரும்ப வரக் கூடாதுன்னு நூறால வகுபடற வருஷம் 400ஆலயும் வகுபட்டாதான் லீப்னு வச்சாங்க. 2000 தப்பிச்சுது, 2100 லீப் இல்ல. ஆனா நாலு வருஷத் தட்டுக்கு அது எப்படித் தெரியும், அது பாட்டுக்கு பிப்ரவரி 29னு காட்டும். 400 வருஷக் கணக்கையும் சக்கரத்துல அடக்கினவங்க உண்டு, விரல் விட்டு எண்ணிடலாம். என்னைக் கேட்டா நூறு வருஷத்துக்கு ஒரு தடவை பட்டனை அமுக்கறதுக்கு யாராவது ஒருத்தர் இருப்பாங்க, அதுக்காக இத்தனை சக்கரம் தேவையான்னு தோணுது, ஆனா செஞ்சு பாக்கறவங்களுக்கு அந்த சவால்தான் சுகம்.

கேள்வி: நிலா காட்டற வாட்ச்ல நிலா சரியாவே இல்லையே?

பதில்: அடியில இருக்கற தட்டுல நிலா ரெண்டு, பல்லு 59, நாளைக்கு ஒரு பல்லு நகரும், அப்ப ஒரு நிலாவுக்கு இருபத்தொன்பதரை நாள். நிஜ நிலா அதைவிட சுமார் 44 நிமிஷம் அதிகம் எடுத்துக்குது. ரெண்டரை வருஷம் தாண்டினா ஒரு நாள் தள்ளிப் போயிருக்கும், பௌர்ணமி அன்னைக்கு பட்டனை அமுக்கி சரி பண்ணிக்கோங்க. 135 பல்லு வச்ச சக்கரம்னா அந்த ஒரு நாள் தப்பு வர்றதுக்கு 122 வருஷம் ஆகும், விலையும் அதுக்கேத்த மாதிரிதான்.