துளை போடும் முன் கிணற்றை அளந்து வையுங்கள்: எரிவாயு பற்றிய கேள்வி பதில்

மன்னார்குடிப் பக்கம் பிறந்தவன் நான். நிலத்தடி நீர் படித்தேன். இருபது வருடமாகச் சிங்கப்பூரில் மண், நீர்ச் சோதனை வேலை. எரிவாயுக் கிணறுகளைப் பற்றியும், அதில் கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் தேவாலயத்துக்கும் என்ன வேலை என்றும் பலர் கேட்டிருந்தீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஈசூனிலிருந்து: சிங்கப்பூரில் ஒரு எரிவாயுக் கிணறுகூட இல்லையே. நமக்கு எதற்கு இந்தப் பேச்சு?

இங்கே மின்சாரத்தில் 95 விழுக்காடு எரிவாயுவில்தான் உற்பத்தியாகிறது. இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் குழாயில் வருகிறது. மீதி, குளிரவைத்துத் திரவமாக்கிய வாயுவாகக் கப்பலில் ஜூரோங் தீவுக்கு வருகிறது. நம் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் ஏசி ஓடுகிறதென்றால் எங்கோ ஒரு ஊரில் நிலத்தைத் துளைத்திருக்கிறார்கள். அந்த ஊர்க்காரர்களின் தண்ணீரைப் பற்றிக் கேட்க நமக்குக் கடமை உண்டு.

துவாஸ் தங்குவிடுதியிலிருந்து, ஊர் ஒரத்தநாடு: அண்ணே, மீத்தேன், ஹைட்ரோகார்பன், ஷேல் எல்லாம் ஒன்றுதானா?

வாயு ஒன்றுதான் தம்பி, பெரும்பாலும் மீத்தேன். எடுக்கிற விதம்தான் வேறு. காவிரிப் படுகையில் பல காலமாக ஓடும் கிணறுகளில், பாறை இடுக்கில் தேங்கிய வாயு தன் அழுத்தத்திலேயே மேலே வரும். நிலக்கரிப் படுகை மீத்தேன் அப்படியில்லை. நிலக்கரியில் ஒட்டியிருக்கும் வாயு வெளியேற, அங்கிருக்கும் தண்ணீரை முதலில் இறைத்துத் தள்ள வேண்டும். 2010ல் மன்னார்குடிப் பகுதிக்கு ஒப்பந்தம் போட்ட திட்டம் இதுதான். அதை எதிர்த்து ஊர் ஊராகப் போய்ப் பேசிக்கொண்டிருந்தபோதுதான் இயற்கை வேளாண்மைக்காகப் பாடுபட்ட நம்மாழ்வார் ஐயா 2013 டிசம்பர் 30ல் காலமானார். ஷேல் என்பது இறுகிய களிமண் பாறை. மணலும் ரசாயனமும் கலந்த தண்ணீரை, ஒரு கிணற்றுக்கு ஒரு கோடி லிட்டருக்கும் மேல், பேரழுத்தத்தில் செலுத்திப் பாறையை விரிசல் விடவைப்பார்கள். 2017ல் புதுக்கோட்டை மாவட்ட நெடுவாசல் மக்கள் எதிர்த்தது 'ஹைட்ரோகார்பன்' என்ற பொதுப்பெயரில் வந்த ஒப்பந்தத்தை. எந்த முறையில் எடுப்பார்கள் என்பது அந்தப் பெயரிலிருந்து தெரியாது. அதனால் யார் வந்து திட்டம் என்று சொன்னாலும் முதலில் முறையைக் கேளுங்கள்.

செங்காங்கிலிருந்து: மகள் அமெரிக்காவில், பென்சில்வேனியாவில் இருக்கிறாள். அங்கே குழாய்த் தண்ணீரில் தீப்பிடிக்கும் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான் அம்மா, ஆனால் பாதிக் கதை. தண்ணீரில் மீத்தேன் அதிகம் கரைந்திருந்தால் குழாயைத் திறக்கும்போது பிரிந்து வரும், நெருப்பு காட்டினால் பற்றும். பென்சில்வேனியாவின் சில இடங்களில் ஷேல் வாயுவுக்குத் துளை போடுவதற்கு முன்பே, இயற்கையாகவே கிணற்றில் மீத்தேன் இருந்ததுண்டு. சண்டை தொடங்குவது இங்கேதான்.

2011ல் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வீட்டுக் கிணறுகளைச் சோதித்தார்கள். எரிவாயுக் கிணற்றுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் இருந்தவற்றில் மீத்தேன் சராசரியாகப் பல மடங்கு அதிகம். அந்த மீத்தேனில் எந்த வகைக் கரிம அணுக்கள் எவ்வளவு என்று பார்த்தபோது அது ஆழத்தில் வெந்து உண்டான வாயுவோடு ஒத்துப்போனது. ஆனால் பாறையை விரிசல் விடவைக்கப் பயன்படுத்திய ரசாயனம் கிணற்றில் கலந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. பிறகு 2014ல் வந்த ஆய்வு, சோதித்த இடங்களில் குற்றவாளி பாறை விரிசல் அல்ல, எரிவாயுக் கிணற்றுக் குழாயைச் சுற்றிப் பூசிய சிமெண்டும் குழாய் இணைப்பும்தான் என்று காட்டியது. ஆழத்தில் எல்லாம் சரியாக நடந்தாலும், மேலே வரும் வழியில் கசிந்தால் முடிந்தது.

முதல் ஆய்வு வந்ததும் நிறுவனங்கள் கேட்ட கேள்வி: "முன்னால் எவ்வளவு இருந்தது என்று காட்டு." காட்ட ஆளில்லை. துளை போடும் முன் எடுத்த அளவு அந்த ஆய்வாளர்களிடம் இல்லை. அந்த மக்கள் வாய்ச்சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இது.

மகள் வீட்டில் சொந்தக் கிணறு இருந்தால் ஒரு அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் இப்போதே சோதிக்கச் சொல்லுங்கள். கிணற்று மூடியில் காற்றுப்போக்கி இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். மூடிய இடத்தில் மீத்தேன் சேர்ந்தால் வெடிக்கும்.

தெம்பனிஸ், தேவாலய இளைஞர் குழு: இதில் நம்பிக்கைக்கு இடம் இருக்கிறதா, அல்லது அறிவியலிடம் விட்டுவிடலாமா?

அறிவியல் எவ்வளவு கசிந்தது என்று சொல்லும். கசிந்தால் நமக்கென்ன என்ற கேள்விக்கு அதனிடம் பதில் இல்லை. உங்கள் வேதாகமத்தில் 'உக்கிராணக்காரன்' என்ற சொல் இருக்கிறது. களஞ்சியத்தின் சாவி அவன் கையில், தானியம் வேறொருவருடையது. முஸ்லிம் நண்பர்கள் 'அமானிதம்' என்பார்கள், நம்பி ஒப்படைத்த பொருள். எங்கள் ஊரில் கோயில் குளத்தை வீட்டுக்கு ஒரு ஆள் வந்து தூர்வாருவோம், குடிமராமத்து. மூன்றும் பொறுப்பைத்தான் சொல்கின்றன.

2017ல் பென்சில்வேனியாவின் லான்காஸ்டரில் கன்னியாஸ்திரிகள் சிலர், எரிவாயுக் குழாய் போகவிருந்த தங்கள் சோளக்காட்டில் மரத்தால் சிறிய ஜெபக்கூடம் கட்டினார்கள். வழக்கில் தோற்றார்கள், 2018ல் குழாயில் வாயு ஓடியது. ஆனாலும் நிலத்தைப் புனிதமாக நினைப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதை அந்த ஊர் நேரில் பார்த்தது. எனக்கு அவர்கள் மேல் பெரிய மரியாதை.

உட்லண்ட்ஸ்: நிலநடுக்கம் வருமா?

வந்திருக்கிறது. நெதர்லாந்தின் குரோனிங்கன் எரிவாயுக் களத்தில் வாயு எடுத்து எடுத்து நிலம் அமுங்கி, வீடுகள் விரிசல் விட்டு, 2023ல் உற்பத்தியை நிறுத்தினார்கள். அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் எண்ணெய், எரிவாயுக் கிணறுகளின் கழிவுநீரை ஆழத்தில் செலுத்தியதால் வந்தது. எல்லா இடத்திலும் வரும் என்று இல்லை.

ஜூரோங்: இங்கே ஒரு கூட்டம் போட்டு எதிர்ப்புக் காட்டலாமா?

அனுமதியில்லாமல் கூடாதீர்கள். வேலை அனுமதியில் இருக்கும் தம்பிகள் கூடிப் பேசவென்றே ஒதுக்கிய ஹோங் லிம் பூங்காவின் கூட்டங்களில்கூடப் பங்கெடுக்கக் கூடாது.

பூன் லே, ஊர் பட்டுக்கோட்டை: அப்படியென்றால் ஊருக்கு நாங்கள் என்னதான் செய்வது?

2020ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் டெல்டாவில் புதுக் கிணறுகளைத் தடுக்கிறது. ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தவற்றை அது நிறுத்தவில்லை. அதனால் அளவெடுக்கும் வேலை முடிந்துவிடவில்லை.

லிட்டில் இந்தியாவில் ஒரு டிடிஎஸ் மீட்டர் (தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் சிறு கருவி) வாங்கி ஊருக்கு அனுப்புங்கள். மாதம் ஒருமுறை, ஒரே கிணறு, ஒரே நேரம். உப்பு அளவும் நீர்மட்டமும் தேதி போட்டு எழுதச் சொல்லுங்கள். கடலோரத்தில் உப்பு எப்படியும் ஏறும். மழைக்கும் கோடைக்கும் மாறும். அதனால் ஒரு அளவு போதாது, இரண்டு வருடக் கணக்காவது வேண்டும். மீட்டர் மீத்தேனைக் காட்டாது. அதற்கு வருடம் ஒருமுறை ஆய்வகம்தான். குப்பியைத் தண்ணீருக்குள்ளேயே நிரப்பி, காற்றுக் குமிழி இல்லாமல் மூட வேண்டும், இல்லையென்றால் வாயு ஓடிவிடும்.

நோட்டு யாரிடம் இருக்கட்டும் என்றால், கோயில் தர்மகர்த்தாவிடம் ஒன்று, ஜமாத்தில் ஒன்று, பங்குத்தந்தையிடம் ஒன்று. என் சித்தப்பா 1990களில் கிணற்று மட்டத்தைப் பஞ்சாங்கத்தின் ஓரத்தில் குறித்து வைத்திருந்தார். எங்கள் தெருவில் பழைய கணக்கு என்று இருப்பது அது ஒன்றுதான். இந்த முறை ஊருக்குப் போகும்போது அதைப் படம் எடுத்து வரப்போகிறேன்.