போன் இருக்கும்போது பாடசாலைக்கு நூலகர் எதற்கு?

கேள்வி இதுதான்: "மகள் யாழ்ப்பாணத்தில் தரம் 7 படிக்கிறாள். பாடசாலையில் நூலகம் இருக்கிறது, நூலகர் இல்லை. எல்லாம் போனில் கிடைக்கிற காலத்தில் நூலகர் உண்மையில் தேவையா? பிள்ளைகளின் படிப்பில் அவருக்கு என்ன பங்கு?"

நான் வலிகாமப் பக்கம் ஓர் அரச பாடசாலையில் ஆசிரிய நூலகர். ஆகவே "தேவை" என்றுதான் சொல்வேன் என்று நினைப்பீர்கள். சரி, அந்தச் சந்தேகத்தை வைத்துக்கொண்டே வாசியுங்கள்.

பாடசாலையில் பிள்ளைக்குப் புள்ளி போடாத பெரியவர்கள் யார் என்று எண்ணிப் பார்த்தால், நூலகரும் காவலாளியும் சிற்றுண்டிச்சாலைக்காரரும்தான் மிஞ்சுவார்கள். இதைச் சின்ன விஷயமாக நினைக்கக் கூடாது. வகுப்பில் "விளங்கேல்லை சேர்" என்று சொல்ல ஒரு பிள்ளை பத்துத் தரம் யோசிக்கும். மற்றவர்கள் சிரிப்பார்கள், சேர் நினைவில் வைத்திருப்பார், தவணை அறிக்கை வீட்டுக்குப் போகும். நூலக மேசையில் அந்தக் கணக்கெல்லாம் இல்லை. என்னத்தையும் கேட்கலாம், பாதியில் விட்டுவிட்டும் போகலாம்.

தரம் 8 பெடியன் ஒருவன் ஒரு கிழமையாக இடைவேளையில் வந்து, இறாக்கைகளுக்கிடையில் நின்றுவிட்டுப் போனான். கதைப்புத்தகம் தேடுகிறான் என்றுதான் நினைத்தேன். ஒருநாள் மணி அடிக்கிற நேரத்தில் கிட்ட வந்து, "ரீச்சர், வலிப்பு எண்டா தொத்துமோ?" என்று கேட்டான். ஆருக்கு, ஏன் என்று நான் கேட்கவில்லை. 616 இலக்கத்தில் நோய்களைப் பற்றிய புத்தகங்கள் இருக்கும். அதில் ஒன்றை எடுத்து அந்தப் பக்கத்தைக் காட்டினேன். தொற்றாது, வலிப்பு வரும்போது கையில் இரும்பு கொடுக்கத் தேவையில்லை, வாய்க்குள் எதையும் வைக்கக் கூடாது, ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்கவைக்க வேண்டும், ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். நின்றபடியே வாசித்தான். இரும்பு விஷயத்தை இரண்டு தரம் வாசித்தது தெரிந்தது. புத்தகத்தைப் பிழையான இடத்தில் செருகிவிட்டுப் போய்விட்டான்.

இதையே அவன் போனில் தேடியிருக்கலாமே என்பீர்கள். முதலில், அந்த வயதுப் பிள்ளைக்குப் போன் தனியாகக் கிடைப்பதில்லை. அது அம்மாவின் போன், தேடியது என்ன என்று பிறகு வீட்டில் பார்ப்பார்கள். அதோடு, தமிழில் மருத்துவ விஷயம் தேடினால் நல்ல தகவலுக்குப் பக்கத்திலேயே சாவிக்கொத்தைக் கையில் திணிக்கச் சொல்லும் வீடியோவும் வரும். எதை நம்புவது என்று பதின்மூன்று வயதில் தெரியாது. ஐம்பது வயதிலும் பலருக்குத் தெரியாது என்பதை எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவைப் பார்த்தே சொல்லலாம்.

அதனால் நூலகரின் வேலையில் பாதி இன்று புத்தகத்தைப் பற்றியதே இல்லை. ஒரு தகவல் எங்கிருந்து வந்தது, யார் சொன்னது, எப்போது சொன்னது என்று கேட்கப் பழக்குவதுதான். இதற்கென்று தனிப் பாடமும் இல்லை, பாடப்புத்தகமும் இல்லை. விஞ்ஞான ஆசிரியருக்குப் பாடத்திட்டத்தை முடிக்கவே நேரம் போதாது. ஆகவே அது எங்கள் தலையில் விழுகிறது.

ஒப்படை என்று ஒன்று கொடுப்பார்கள், உங்களுக்கும் தெரிந்திருக்கும். "உமது கிராமத்தின் வரலாறு" என்று ஒருமுறை தரம் 9க்குக் கொடுத்திருந்தார்கள். வேறு வேறு ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் சந்தியிலுள்ள ஒரே கொமினிகேசனுக்குப் போய், யாழ்ப்பாண இராச்சியத்தைப் பற்றிய ஒரே தாளை அச்செடுத்துக்கொண்டு வந்தார்கள். சிலருடைய தாளின் கீழே இணைய முகவரிகூட அழியாமல் இருந்தது. ஆசிரியை சிரித்துக்கொண்டே நாலைந்து பேரை என்னிடம் அனுப்பினார்.

நாங்கள் நூலகக் கணினியில் "நூலகம்" என்ற பெயருள்ள வலைத்தளத்தைத் திறந்தோம். 2005 இல் தன்னார்வலர்கள் தொடங்கிய அந்த எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்கள், பழைய பத்திரிகைகள் மட்டுமல்ல, கோயில் கும்பாபிஷேக மலர், பாடசாலை மலர், அந்தியேட்டிக்குக் கொடுக்கிற நினைவு மலர் எல்லாம் இருக்கின்றன. ஓர் ஊரின் வரலாறு அரைவாசி அந்த மலர்களுக்குள்தான் கிடக்கிறது. ஒரு பிள்ளை தன் ஊர்க் கோயிலின் இரண்டு மலர்களைக் கண்டுபிடித்தாள். கோயில் கட்டிய ஆண்டு ஒன்றில் ஒன்று, மற்றதில் வேறொன்று. "ரீச்சர், எது சரி?" "அச்சில வந்ததெல்லாம் சரியெண்டு ஆர் பிள்ளை சொன்னது? வீட்டில கேட்டுப் பாரும்." அவளுடைய அப்பப்பா மூன்றாவதாக ஓர் ஆண்டைச் சொல்லிவிட்டார். கடைசியில் மூன்றையும் எழுதி, எது எங்கே இருந்து எடுத்தது என்று கீழே குறித்துக் கொடுத்தாள். அந்தப் பிள்ளை க.பொ.த. சாதாரண தரத்தில் வரலாற்றுக்கு என்ன எடுப்பாளோ, ஆதாரம் என்றால் என்னவென்று இனி யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

இப்போது சாட்ஜிபிடியிலும் கேட்டுக்கொண்டு வருகிறார்கள். கேட்கட்டும். எங்கே இருந்து எடுத்தது என்ற கேள்வியை நான் அதற்கும் கேட்பேன்.

பெற்றோர் பக்கம் வேறு கவலை. "ரீச்சர், இவன் கதைப்புத்தகம் எண்டா சாப்பாடும் வேண்டாம். ஸ்கொலசிப் முடியும்வரைக்கும் குடுக்காதேங்கோ" என்று ஒரு தாய் வந்து கேட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். புலமைப்பரிசில் பரீட்சை எங்கள் வீடுகளைப் பிடித்து ஆட்டுகிற ஆட்டம் அப்படி. ஆனால் நான் காண்பது என்னவென்றால், கணக்குத் தெரிந்த பிள்ளைகளே வினாவை வாசித்து விளங்க முடியாமல் புள்ளியை விடுகிறார்கள். மூன்று வரி நீளமான வினா வந்ததும் கண் தடுமாறுகிறது. கதைப்புத்தகம் வாசிக்கிற பிள்ளைக்கு மூன்று வரி ஒரு மலையாகத் தெரியாது.

புள்ளிக் கணக்கில் கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 1993 இல் கீத் கரி லான்ஸ் என்பவரின் குழு வெளியிட்ட ஆய்வில், நல்ல நூலகமும் போதிய நூலக ஊழியர்களும் இருந்த பாடசாலைகளில் மாணவரின் பரீட்சைப் புள்ளிகள் கூடுதலாக இருந்தன. ஊரின் வசதி வறுமையைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வேறுபாடு நின்றது. கொலராடோவும் கொக்குவிலும் ஒன்றல்ல, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த ஆய்வு புத்தகங்களை மட்டும் எண்ணவில்லை, ஆட்களையும் சேர்த்து எண்ணியது என்பதைக் கவனியுங்கள். நூலகம் இருக்கிறது, நூலகர் இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதனால்தான் சொல்கிறேன்.

ஆள் இல்லாவிட்டால் என்ன நடக்கும்? புத்தகங்கள் அலுமாரிக்குள் போகும், அலுமாரி பூட்டப்படும், திறப்பு கந்தோருக்குப் போகும். நேரசூசியில் நூலகப் பாடவேளை என்று ஒன்று இருக்கும். அதைப் பாடத்திட்டம் முடியாத ஏதோ ஒரு பாடம் வாங்கிக்கொள்ளும். இதற்கு அதிபர்மார் கெட்டவர்கள் என்பது காரணமல்ல. ஆண்டு முடிவில் பொருட் கணக்கெடுப்பு வரும். பதிவேட்டில் உள்ள புத்தகம் இறாக்கையில் இல்லையென்றால் யாராவது பதில் சொல்ல வேண்டும். ஒரு புத்தகம் தொலைந்தால் கடிதம், விளக்கம், சில இடங்களில் கைக்காசு. ஒரு புத்தகத்தையும் ஒரு பிள்ளையும் தொடாமல் ஆண்டு முழுக்க வைத்திருந்தால் ஒரு கேள்வியும் இல்லை. இப்படிக் கணக்குப் பார்த்தால் பூட்டி வைப்பவர்தான் கெட்டிக்காரர். நன்றாக நடக்கிற பாடசாலை நூலகத்தில் ஆண்டுக்குச் சில புத்தகங்கள் தொலையத்தான் செய்யும். சிலது கிழியும், சிலதில் மாம்பழச்சாறு படும். ஒன்றும் தொலையவில்லை என்று பெருமையாகச் சொல்லும் நூலகத்தைக் கண்டால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931 இல் நூலகவியலுக்கு ஐந்து விதிகள் எழுதினார். முதல் விதியே நூல்கள் பயன்பாட்டுக்கு என்பதுதான். எங்கள் யாழ்ப்பாணப் பொது நூலகத்தைத் திட்டமிட்டபோது ஆலோசனை சொன்னவரும் அவர்தான். ஜூன் முதலாம் திகதி வந்தால் 1981 இல் அந்த நூலகம் எரிந்ததைப் பற்றி எல்லோரும் எழுதுகிறோம். 97,000 நூல்கள் என்ற எண்ணிக்கை யாழ்ப்பாணத்தில் சின்னப் பிள்ளைக்கும் மனப்பாடம். எழுதத்தான் வேண்டும். ஆனால் அதே ஜூன் மாதத்தில் எத்தனை பாடசாலைகளில் அலுமாரி பூட்டியபடி இருக்கிறது என்று யாராவது எழுதினால் நன்றாக இருக்கும். எரிந்த புத்தகத்துக்காக அழுகிறவர்கள் பூட்டிக் கிடக்கிற புத்தகத்தைப் பற்றியும் கொஞ்சம் கோபப்படலாம்.

வெளிநாட்டில் இருக்கிற பழைய மாணவர்கள் இதை வாசித்தால் அவர்களுக்கும் ஒரு சொல். பெட்டி பெட்டியாகப் புத்தகம் அனுப்புகிறீர்கள், மனம் பெரியது. கையளிப்பு விழா நடக்கும், பொன்னாடை போர்ப்பார்கள், படம் எடுப்பார்கள். பிறகு பெட்டியைத் திறப்பது நான். உள்ளே விண்டோஸ் 98 கையேடு, யாரோ ஒருவருடைய லண்டன் வீட்டில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்த கலைக்களஞ்சியத்தில் நாலாவதும் ஒன்பதாவதும் தொகுதி, ஆங்கிலத்தில் தடித்த நாவல்கள். பதிவேட்டில் ஏற்றிவிட்டால் அவற்றையும் ஆண்டாண்டாகக் கணக்குக் காட்ட வேண்டும். கழித்துவிடுவதற்கு அதற்கென்று ஒரு தனி நடைமுறை. அனுப்புவதற்கு முன் நூலகரிடம் ஒரு பட்டியல் கேளுங்கள். எங்களிடம் சமயமும் இலக்கியமும் நிறைய இருக்கின்றன. புத்தகங்களுக்குப் பொருள்வாரியாக இலக்கம் போட்டு அடுக்குகிற டூவி பகுப்பில் தமிழ் இலக்கியம் முழுவதும் 894.811 என்ற ஒரு சந்துக்குள் வரும். அந்த இறாக்கை பொது விடுமுறைக்கு முதல்நாள் மினிபஸ் போல நிரம்பி வழிகிறது. பத்து வயதுப் பிள்ளை தானாக வாசிக்கக்கூடிய தமிழில் விலங்கு, வானம், இயந்திரம், மனித உடல் பற்றிய புத்தகங்களுக்குத்தான் பஞ்சம். விஞ்ஞானம் வருகிற 500களில் நாலைந்து இறாக்கை வெறுமையாக இருக்கிறது.

நேரமும் ஒரு பிரச்சினை. பாடசாலை ஒன்றரைக்கு விடும், இரண்டு மணிக்கு ரியூசன். முன்பு ஊருக்கு ஊர் சனசமூக நிலையத்து வாசிகசாலை இருந்தது, பின்னேரம் போய் பேப்பர் பார்த்துவிட்டு வரலாம். இன்று பல இடங்களில் கரம் போர்ட் மட்டும்தான் கலகலப்பாக இருக்கிறது. ஆகவே பிள்ளைக்குக் கிடைப்பது அந்த இடைவேளைதான். சாப்பிடவும் வேண்டும், பைப்படிக்குப் போகவும் வேண்டும். எனக்கும் பாடவேளைகள் இருக்கின்றன. இடைவேளைக்கு முந்திய பாடம் மறு கட்டடத்தில் என்றால் நான் ஓடி வருவதற்குள் பாதி நேரம் போய்விடும். நாங்கள் தரம் 9, 10 பிள்ளைகளில் சிலரை மாணவ நூலகர்களாகப் பழக்கியிருக்கிறோம். திறப்பு அவர்களிடமும் ஒன்று இருக்கிறது. இரவல் பதிவையும் அவர்களே எழுதுவார்கள், என்னைவிட ஒழுங்காக. ஒக்ரோபரில் தேசிய வாசிப்பு மாதம் வரும்போது பேச்சுப்போட்டி, சுவரொட்டி என்று எல்லாம் நடக்கும்; நல்லதுதான், ஆனால் மற்றப் பதினொரு மாதமும் இடைவேளையில் கதவு திறந்திருப்பது அதைவிட முக்கியம் என்பது என் எண்ணம்.

இனி உங்கள் மகளின் பாடசாலை. ஆசிரிய நூலகர் நியமனம் கேட்டு வலயக் கல்விப் பணிமனைக்கு எழுதலாம், எழுதுங்கள். அது வரும்போது வரட்டும். அதற்கிடையில் அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குப் போய், நூலகத் திறப்பு யாரிடம் இருக்கிறது, இடைவேளையில் திறக்கிறார்களா, புத்தகத்தை வீட்டுக்கு இரவல் கொடுக்கிறார்களா என்று கேளுங்கள். வாசிப்பில் ஆர்வமுள்ள ஓர் ஆசிரியரைப் பொறுப்பாகப் போட்டு, அவருடைய பாடவேளையைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் ஆசிரிய நூலகர்களுக்கென்றே பயிற்சி நெறிகள் நடக்கின்றன, விருப்பமென்றால் அவர் விண்ணப்பிக்கலாம். "புத்தகம் துலைஞ்சா ஆர் பொறுப்பு?" என்று அதிபர் கட்டாயம் கேட்பார். ஆண்டுக்கு இத்தனை புத்தகம் வரைக்கும் சங்கம் வாங்கித் தரும் என்று கூட்டக் குறிப்பில் எழுதுவித்துவிடுங்கள். எங்கள் பாடசாலையில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. சங்கத்துக்கு இதுவரை பெரிய செலவு வைக்கவில்லை.