கேளுங்கள், சொல்கிறோம்: அருளும் நம் மனச்சுதந்திரமும்

கேள்வி: கடவுள் அருள் தராமல் யாராலும் விசுவசிக்க முடியாது என்று மறைக்கல்வியில் படித்தோம். அப்படியென்றால் விசுவசியாதவர்மேல் என்ன குற்றம்?
– வாசகி, கல்லடி

பதில்: பழைய வழக்கு இது. மனிதன் தன் பலத்திலேயே பாவமின்றி வாழலாம் என்ற பெலாஜியுசின் போதனையை 418இல் ஆயர்கள் கூடிய கார்த்தேஜ் சங்கம் தள்ளியது. பிறகு சிலர், ‘முதல் அடியை நாம் வைப்போம், மிச்சத்தைக் கடவுள் பார்த்துக்கொள்வார்’ என்று சமரசம் பேசினார்கள். 529இல் ஒராஞ்சு சங்கம் அதற்கும் இடம் கொடுக்கவில்லை. விசுவசிக்கும் ஆசை துளிர்ப்பதே அருளால்தான் என்றது. அதே சங்கம், கடவுள் சிலரைத் தீமைக்கென்று முன்குறித்தார் என்பதையும் வன்மையாகக் கண்டித்தது. பிரசங்கங்களில் இந்தப் பாதி ஏனோ விடுபட்டுப்போகிறது.

உங்கள் கேள்விக்கு நேரான விடை, 1547இல் திரெந்து சங்கம் தந்த தீர்மானத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் இருக்கிறது: கடவுள் உள்ளத்தைத் தொடும்போது மனிதன் சும்மா இருப்பதில்லை, ஏனென்றால் அவனால் மறுக்க முடியும், அருள் இல்லாமல் தானாக எழும்பவும் அவனால் முடியாது. அந்த மறுப்புத்தான் குற்றம். வயலுக்குச் சொந்தக்காரரான போடியாரும் அதில் வேலைசெய்யும் முல்லைக்காரரும் விளைச்சலைப் பிரிப்பதுபோல் பாதி கடவுளுக்கு, பாதி எனக்கு என்று கணக்குப் போடுவதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். ‘ஆம்’ என்பது முழுக்க உங்களுடையது. அதைச் சொல்லும் பலம் முழுக்க அவருடையது. பிலிப்பியர் 2:12-13ஐ ஒரே மூச்சில் வாசியுங்கள், விளங்கும்.

கேள்வி: மெதடிஸ்த சபையாரும் இப்படித்தான் நம்புகிறார்களா?
– வாசகர், கல்முனை

பதில்: பெரும்பாலும். 1814இல் மட்டக்களப்புக்கு வந்த மெதடிஸ்தர்கள் ஜோன் வெஸ்லியின் வழியினர். எல்லாரையும் முந்திவந்து தொடும் கிருபை (நாம் அருள் என்பது) உண்டு, அதை மறுக்கவும் முடியும் என்பது அவர் போதனை. ஆனால் 1638இல் நம் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த ஒல்லாந்தரின் சபை, 1618-19இல் டோர்ட் நகரில் வேறுவிதமாகத் தீர்த்திருந்தது: கடவுளால் தெரிந்துகொள்ளப்பட்டவரிடம் கிருபை தோற்காது. கத்தோலிக்கருக்குள்ளும் இயேசுசபையாரும் தொமினிக்கரும் இதில் மோதினார்கள். 1607இல் ஐந்தாம் பவுல் பாப்பரசர் தீர்ப்பே சொல்லாமல், ஒருவரையொருவர் பேதகர் (தவறான போதனைக்காரர்) என்று ஏசாதீர்கள் என்று மட்டும் பணித்தார். கெட்டித்தனமான முடிவு.

கேள்வி: செபிக்க மனமே வரவில்லை. அருள் வரட்டும் என்று இருக்கலாமா?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: கூடாது. ‘எல்லாம் அருள் என்றால் எங்களைக் கண்டிக்காதீர்கள், எங்களுக்காகச் செபித்தால் போதும்’ என்ற துறவிகளின் வாதத்துக்கு அகுஸ்தீன் தனி நூலே எழுதி மறுப்புச் சொன்னார்: கண்டிப்பும் அருள் வேலைசெய்யும் வழிதான். மனம் வரவில்லையே என்ற உங்கள் கவலையும் அப்படியே. நேரத்தைக் குறித்துக்கொண்டு, ஒரு பரலோக மந்திரத்தோடு தொடங்குங்கள். உணர்ச்சி வந்ததா என்று அளக்கவேண்டாம்.