வாசகர் கேள்விக்குப் பதில்: ஒன்பதாம் நாள் வேலைக்கு வராதவர்

கேள்வி: ஹூஸ்டனில் ஒரு சரக்குக் கிடங்கில் மேலாளராக இருக்கிறேன். கிடங்குக்குப் பின்னால் உள்ள வாகன நிறுத்தத்தில், ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் தம் பழைய காரிலேயே இரவைக் கழித்து வந்தார். ராணுவத்தில் வாகனங்களைப் பழுதுபார்த்தவர் என்று பேச்சுவாக்கில் தெரியவந்தது. முதலாளியிடம் பேசிச் சரக்கு ஏற்றும் வேலை வாங்கிக் கொடுத்தேன். எட்டு நாள் யாரும் குறை சொல்ல முடியாதபடி உழைத்தார். ஒன்பதாம் நாள் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து அந்தக் கார் மீண்டும் அதே இடத்தில் நிற்கிறது. இப்படிப்பட்டவர்களுக்கு வேலை கொடுத்துப் பயனில்லை என்கிறார் முதலாளி. அவரை ஏதாவது பயிற்சி வகுப்பில் சேர்த்துவிடலாமா, அல்லது நான் ஒதுங்கிக்கொள்வதே சரியா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

ஒதுங்கிக்கொள்ள வேண்டாம். அதே சமயம், ஒரு பயிற்சி வகுப்பில் சேர்த்துவிட்டால் போதும் என்றும் நினைக்க வேண்டாம். உங்கள் முதலாளி ஒன்பதாம் நாளைப் பார்க்கிறார். நான் அதற்கு முந்தைய எட்டு நாள்களைப் பார்க்கிறேன். குளிக்க இடமில்லாமல், காலை நீட்டிப் படுக்க முடியாமல் காருக்குள் இரவைக் கழித்துவிட்டு, எட்டு நாளும் நேரம் தவறாமல் வந்து மூட்டை சுமந்த மனிதருக்கு உழைக்கும் மனம் இருக்கிறதா என்ற கேள்விக்கே இடமில்லை. நாம் கேட்க வேண்டியது வேறு: அந்த எட்டு நாளும் அவர் எந்தப் பணத்தைக் கொண்டு வேலைக்கு வந்தார்?

பல கிடங்குகளில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறைதான் சம்பளம். முதல் காசோலை கைக்கு வரும் வரை பெட்ரோல், சாப்பாடு, போன் கட்டணம், பாதுகாப்புக் காலணி எல்லாவற்றையும் சொந்தப் பணத்தில் சமாளிக்க வேண்டும். வீடும் கொஞ்சம் சேமிப்பும் உள்ளவருக்கு இது ஒரு பொருட்டாகவே தெரியாது. அவருக்கோ கார்தான் வீடு, கார்தான் போக்குவரத்து. டாங்க் காலியானால் இரண்டும் ஒருசேர நின்றுபோகும். ஓர் இரவு அந்தக் காரை இழுத்துக்கொண்டு போய்விட்டால் உடை, மருந்து, அடையாள அட்டை அனைத்தும் அதோடு போய்விடும். ஒன்பதாம் நாள் இவற்றில் எது நடந்தது, அல்லது வேறு ஏதேனும் நடந்ததா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். வேலை என்பது வருமானம் தருவதற்கு முன் செலவு வைக்கிறது. வீடற்ற முன்னாள் படைவீரர்களுக்கான நல்ல திட்டங்கள் எல்லாம் அந்த இடைவெளியில்தான் கை கொடுக்கின்றன. பயிற்சி அவற்றில் ஒரு பகுதி மட்டுமே.

நீங்கள் தேட வேண்டிய பெயர் 'ஹோம்லெஸ் வெட்டரன்ஸ் ரீஇன்டக்ரேஷன் புரோகிராம்', அதாவது வீடற்ற முன்னாள் படைவீரர்களை மீண்டும் வேலையில் அமர்த்தும் திட்டம். எச்.வி.ஆர்.பி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 1987-ஆம் ஆண்டின் மெக்கின்னி வீடற்றோர் உதவிச் சட்டத்தில் வேர் கொண்ட இத்திட்டத்தை அமெரிக்கத் தொழிலாளர் துறையின் படைவீரர் பிரிவு நடத்துகிறது. துறை நேரடியாக ஆளெடுத்துப் பயிற்சி தருவதில்லை; உள்ளூர்த் தொண்டு நிறுவனங்களுக்கும் வேலைவாய்ப்பு வாரியங்களுக்கும் மானியம் தருகிறது. அங்கே உங்கள் நண்பருக்கென ஓர் உதவி அலுவலர் (கேஸ் மேனேஜர்) அமர்ந்து, அவருடைய திறமை, உடல்நிலை, கடன், வழக்கு எல்லாவற்றையும் கேட்டறிந்து ஒரு திட்டம் வகுப்பார். பேருந்து அட்டை, வேலைக்கான காலணி, கருவிகள், உரிமத் தேர்வுக் கட்டணம் போன்ற சிறு செலவுகளுக்கும் அங்கு உதவி கிடைக்கும். மேலும், வேலையில் சேர்த்ததோடு கணக்கை முடித்துவிட முடியாது. பல மாதங்கள் கழித்தும் அவர் வேலையில் இருக்கிறாரா என்பதை அந்த நிறுவனங்கள் தொழிலாளர் துறைக்குக் காட்டியாக வேண்டும். நீங்கள் தனியாளாக வேலை வாங்கிக் கொடுத்தபோது இல்லாமல் போனது இந்தப் பின்தொடர்தல்தான். ஒன்பதாம் நாள் காலை அவர் அழைத்துப் பேசுவதற்கு ஒருவர் இருந்திருந்தால், உங்கள் கடிதமே வேறு மாதிரி இருந்திருக்கும்.

இந்த உதவி தமக்குரியதல்ல என்று அவரே நினைத்துக்கொண்டிருக்கலாம். கார் இருப்பதால் தாம் வீடற்றவர் அல்ல என்று கருதுவோர் உண்டு. சட்டப்படி காரில் உறங்குபவரும் வீடற்றவரே. அதேபோல, போர்முனைக்குப் போகாதவர்கள் 'வெட்டரன்' (முன்னாள் படைவீரர்) என்ற சொல் தமக்குப் பொருந்தாது என்று எண்ணுவதும் உண்டு. ஆகவே அவரிடம் 'நீங்கள் வெட்டரனா?' என்று கேட்பதைவிட, 'ராணுவத்தில் எத்தனை ஆண்டு பணியாற்றினீர்கள்?' என்று கேட்பது நல்லது. எந்த வகையில் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார் என்பதை நீங்கள் துருவ வேண்டாம். அவமானகரமான விடுவிப்பு என்ற கடைசி வகையில் வராத எவரும் எச்.வி.ஆர்.பி.யின் கதவைத் தட்டலாம். நற்சான்று இல்லாமல் வெளியேற்றப்பட்டவர்கள் தங்களுக்கு எதுவுமே கிடையாது என்று பல ஆண்டு ஒதுங்கி வாழ்ந்துவிடுகிறார்கள். அது உண்மையல்ல; அந்த வகைப்பாட்டையே மாற்றக் கோரி மனுச் செய்யவும் வழியிருக்கிறது.

இனி வீட்டு விஷயம். வேலை கிடைத்த பிறகு வீடு பார்த்துக்கொள்ளலாம் என்ற வரிசையை நான் ஏற்பதில்லை. உறக்கம் இல்லாமல் எந்தப் பயிற்சியும் மண்டையில் ஏறாது. முன்னாள் படைவீரர் நலத்துறையும் (வி.ஏ. என்று எல்லோரும் சொல்வது இதைத்தான்) வீட்டு வசதித் துறையும் சேர்ந்து நடத்தும் ஹட்-வாஷ் திட்டத்தில், வாடகைக்கான வவுச்சரோடு ஒரு சமூகப் பணியாளரின் துணையும் கிடைக்கும், குடியிருப்பவர் பொதுவாகத் தம் வருமானத்தில் சுமார் 30 சதவீதத்தை வாடகைக்குத் தந்தால் போதும். இன்னும் விரைவாக வேண்டுமானால், முன்பணம், வாடகைப் பாக்கி, இடம்பெயரும் செலவு போன்றவற்றுக்கு உதவும் எஸ்.எஸ்.வி.எஃப். என்ற திட்டம் இருக்கிறது. இரண்டுக்கும் வாசல் ஒன்றே: 877-424-3838 என்ற வி.ஏ.வின் தொலைபேசி எண். இரவிலும் எடுப்பார்கள்; நீங்களும் அவருக்காக அழைத்து விவரம் கேட்கலாம். பேச்சில் அவர் உயிரை வெறுத்தவராகத் தோன்றினால் தாமதிக்காமல் 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அழைத்து எண் 1-ஐ அழுத்துங்கள்.

உங்கள் ஊர் இதில் நாட்டுக்கே முன்மாதிரி என்பதையும் சொல்ல வேண்டும். வீடிழந்து வரும் முன்னாள் படைவீரர் எவரையும் விரைவில் குடியமர்த்தும் ஏற்பாடு அமைந்துவிட்டது என்று ஹூஸ்டன் 2015-இல் அறிவித்தது. ஆளுக்கொரு பட்டியல் வைத்துக்கொண்டிருந்த அமைப்புகள் ஒரே பட்டியலின் கீழ் வந்ததே அதற்கு முக்கியக் காரணம். நாடு முழுவதும் ஜனவரி மாதத்தில் ஓர் இரவு எடுக்கப்படும் கணக்கெடுப்பில், 2010-இல் 74,000-க்கும் மேலாக இருந்த வீடற்ற முன்னாள் படைவீரர்களின் எண்ணிக்கை 2024-இல் 32,882 ஆகக் குறைந்திருந்தது. எனவே, பயனில்லை என்ற உங்கள் முதலாளியின் சொல் அனுபவத்துக்கும் ஒவ்வாதது, கணக்குக்கும் ஒவ்வாதது.

இந்த வாசல்கள் எல்லாவற்றிலும் கேட்கப்படும் காகிதம் டி.டி. 214 என்ற பணி விடுவிப்புச் சான்று. அது தொலைந்திருந்தால் செயின்ட் லூயிஸில் உள்ள தேசியப் பணியாளர் ஆவண மையத்திடம் கட்டணமின்றிக் கேட்டுப் பெறலாம். அது வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை, வி.ஏ. தன் பதிவேட்டிலேயே பணிக்காலத்தைச் சரிபார்த்துக்கொள்ளும்.

இப்போது பயிற்சிக்கு வருகிறேன். கண்ணில் பட்ட வகுப்பில் அவரைச் சேர்த்துவிடாதீர்கள். சுவரில் மாட்டும் சான்றிதழோடு முடியும் பயிற்சியால் இந்த வயதில் அவருக்கு மனச்சோர்வுதான் மிஞ்சும். பயிற்சி குறுகியதாக இருக்க வேண்டும். அதன் முடிவில் ஒரு குறிப்பிட்ட முதலாளி, ஒரு குறிப்பிட்ட வேலையோடு காத்திருக்க வேண்டும். அந்த வேலை உங்கள் கிடங்கிலேயே இருக்கலாம் என்பதை எண்ணிப் பார்த்தீர்களா? சரக்கைத் தூக்கி நகர்த்தும் ஃபோர்க்லிஃப்ட் இயந்திரத்தை ஓட்டுபவருக்குப் பயிற்சி தந்து, ஓட்டச் செய்து பார்த்து, தகுதியானவர் என்று சான்றளிக்கும் பொறுப்பைக் கூட்டாட்சிப் பணிப் பாதுகாப்பு விதி வேலை தருபவரிடமே ஒப்படைத்திருக்கிறது. மூன்று ஆண்டுக்கு ஒரு முறை மறுபடி மதிப்பிட வேண்டும். ராணுவ வாகனங்களைப் பழுதுபார்த்த கைக்கு மூட்டை சுமப்பதைவிட அந்த இயந்திரத்தை ஓட்டுவதும், அது பழுதானால் சரிசெய்வதும் எவ்வளவோ பொருத்தமானவை. ஐம்பது வயதைக் கடந்த முதுகுக்கும் அதுவே நல்லது.

நீண்ட தூர லாரி ஓட்டும் உரிமம் எடுக்கச் சொல்லிப் பலரும் அவருக்கு யோசனை சொல்வார்கள். சம்பளம் நன்றாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் காரில் உறங்கி உறங்கி அலுத்த ஒருவரை மறுபடி ஒரு வண்டிக்குள் உறங்க அனுப்புவதும், புதிதாகக் கிடைத்த வீட்டிலிருந்தும் மருத்துவரிடமிருந்தும் வாரக்கணக்கில் பிரிப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. அவரே விரும்பிக் கேட்டால் அது வேறு விஷயம்.

ராணுவப் பணியால் ஏற்பட்ட உடல் அல்லது மனக் குறைபாடு அவருக்கு இருந்து, வி.ஏ. அதன் அளவைச் சதவீதமாக நிர்ணயித்திருந்தால், சேப்டர் 31 எனப்படும் மறுவாழ்வுத் திட்டம் இன்னும் விரிவான கதவைத் திறக்கும். 20 சதவீதமும் வேலைக்கு இடையூறும் இருந்தால் அதற்குத் தகுதி உண்டு. இடையூறு கடுமையானதாக இருந்தால் 10 சதவீதமே போதும். படிப்பு, கருவிகள், ஆலோசனை எல்லாம் அதில் அடங்கும். 2013-க்கு முன் பணியிலிருந்து விடுபட்டவர்களுக்கு அதில் காலவரம்பு உண்டு என்றாலும், கடுமையான இடையூறு உள்ளவர்களுக்கு அதை நீட்டிக்க முடியும் என்பதால், கேட்காமலே கைவிட வேண்டாம்.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது இன்னொரு சந்தேகமும் எழுந்தது. வேலைக்குப் போனால் உதவித்தொகை நின்றுவிடும் என்று யாராவது அவரைப் பயமுறுத்தியிருக்கலாம். அந்தப் பயம் ஒருவரை ஒரே இரவில் வேலையை விடச் செய்யும். பணியால் ஏற்பட்ட குறைபாட்டுக்காக வி.ஏ. தரும் இழப்பீடு, சம்பளம் வருகிறது என்பதற்காகக் குறையாது. 'வேலை செய்ய இயலாதவர்' என்ற அடிப்படையில் முழுத்தொகை பெறுவோருக்கு மட்டும் நிலைமை வேறு. வருமானம் குறைந்தவர்களுக்கான வி.ஏ. ஓய்வூதியம் சம்பளத்தைப் பொறுத்துக் குறையும். சமூகப் பாதுகாப்புத் துறையின் ஊனமுற்றோர் காப்பீட்டுத் தொகை பெறுபவராயின், ஒன்பது மாதம் வேலை செய்து பார்க்க அனுமதி உண்டு. இவற்றில் எது அவருக்குப் பொருந்தும் என்பதைப் படைவீரர் சங்கங்களில் உள்ள அங்கீகரிக்கப்பட்ட சேவை அலுவலர்கள் இலவசமாகப் பார்த்துச் சொல்வார்கள். இதற்குப் பணம் கேட்பவரிடம் அவரைப் போக விடாதீர்கள்.

முதலாளியிடம் இரக்கத்தை முன்வைத்துப் பேச வேண்டாம். கணக்கை முன்வைத்துப் பேசுங்கள். வேலையிலேயே பயிற்சி தரும் ஒப்பந்தத்தை வேலைவாய்ப்பு மையத்தோடு முன்கூட்டியே செய்துகொண்டால், பயிற்சிக் காலச் சம்பளத்தில் பொதுவாகப் பாதி வரை திரும்பக் கிடைக்க வாய்ப்புண்டு. டெக்சாஸ் படைவீரர் ஆணையத்தின் வேலைவாய்ப்பு அலுவலர்கள் அந்த மையங்களிலேயே அமர்ந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் வந்து பேசினால் உங்கள் பேச்சைவிட எடுபடும். உங்கள் கையில் இருப்பவை சிறிய விஷயங்கள்தாம். முதல் மூன்று மாதம் ஒரே ஷிப்ட் கொடுங்கள். முடிந்தால் அவருக்கு வாரச் சம்பளம் ஏற்பாடு செய்யுங்கள். மருத்துவமனைக்குப் போகும் நாளை முன்கூட்டிச் சொன்னால் விடுப்புத் தருவதாக உறுதி கூறுங்கள். வர முடியாத நாளில் அழைக்க ஒரே ஓர் எண், அது உங்களுடையதாகவே இருக்கட்டும். அவர் எங்கே உறங்குகிறார், ராணுவத்தில் என்ன கண்டார் என்பவை சக பணியாளர்களின் பேச்சுக்குப் பொருளாகக் கூடாது. மருத்துவ விவரங்களை நீங்களும் கேட்கக் கூடாது. சட்டமும் அதற்கு எல்லை வகுத்திருக்கிறது.

அவரிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று நீங்கள் தயங்கலாம். 'ஏன் வரவில்லை' என்று தொடங்காதீர்கள். அந்த எட்டு நாள் சம்பளம் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதை நீங்கள் எழுதவில்லை. தாமே வேலையை விட்டவராயின் அடுத்த சம்பள நாளுக்குள்ளும், நீக்கப்பட்டவராயின் ஆறு நாள்களுக்குள்ளும் அது தரப்பட வேண்டும் என்பது டெக்சாஸ் சட்டம். காசோலை உங்கள் அலுவலகத்தில் இன்னும் கிடக்கிறதென்றால், நாளைக் காலையே அதை எடுத்துக்கொண்டு, மேலே சொன்ன வி.ஏ. தொலைபேசி எண்ணை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, நீங்களே அந்தக் காருக்கு நடந்து போய்க் கொடுங்கள். பேச்சு அங்கிருந்து தொடங்கட்டும்.