இனிப்பு நீர் (நீரிழிவு) சோதனை எந்த வயதில்? டிரெசரிடம் கேளுங்கள்

போன வாரம் ஒருவர் "இனிப்பு நீர் இருக்கான்னு எந்த வயசுல பார்க்கணும்?" என்று கேட்டு வைத்தார். அதிலிருந்து கேள்விகள் குவிந்துவிட்டன. மலேசியாவில் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்ட மருந்தகங்களில் முப்பது வருடத்துக்கு மேல் டிரெசராக, அதாவது மருத்துவ உதவியாளராக, இருந்தவன் நான்; டாக்டர் அல்ல. மருந்தைக் கூட்டு, குறை என்று சொல்ல மாட்டேன். இன்னொன்று: "நார்மல்னு சொன்னாங்க" என்று யாரும் எழுத வேண்டாம். எண்ணைப் போடுங்கள்.

எனக்கு 33. செம்பனை ஆலையில் வேலை. உடம்பு நல்லாத்தான் இருக்கு. 40-க்கு மேலதானே பார்க்கணும்? (லிந்தாங்)

இந்த 40 எங்கிருந்து வந்தது தெரியுமா தம்பி? பெக்கா பி40 என்கிற, வருமானம் குறைந்தவர்களுக்கான அரசாங்கத் திட்டத்தின் இலவசச் சோதனை 40 வயதில் தொடங்குகிறது, அதனால் வந்தது. அது உதவித் திட்டத்தின் வயது. நோய்க்கு அந்த அறிவிப்பு போய்ச் சேரவில்லை.

நம் சுகாதார அமைச்சின் வழிகாட்டி 30 வயதான எல்லாரையும் பார்க்கச் சொல்கிறது, அறிகுறி இல்லாவிட்டாலும். எடை கூடுதலாக இருந்து, அப்பா அம்மா அண்ணன் தங்கை யாருக்காவது இருந்தால், 30 வரைக்கும்கூடக் காத்திருக்க வேண்டாம். எடை கூடுதல் என்றால் வயிறு தள்ளிய ஆளை நினைத்துக்கொள்ளாதீர்கள். ஆசியர்களுக்கு பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு) 23-லேயே கணக்கு தொடங்குகிறது. 165 சென்டிமீட்டர் உயர ஆள் 63 கிலோவைத் தொட்டால் வந்துவிட்டார். இடுப்பு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர். பிடரியில் தேய்த்தாலும் போகாத கறுப்புப் படர்ந்திருந்தால் அதுவும் ஒரு குறிதான். அழுக்கு என்று அம்மா திட்டுவார், பாவம்.

2019 தேசிய சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4. அந்த 18.3-ல் 8.9 பேருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது. "நல்லாத்தான் இருக்கு" என்றவர்கள்தான் அவர்களும். கிளினிக் கெசிஹாத்தானில், அதாவது அரசாங்க கிளினிக்கில், ஒரு வெள்ளி (ரிங்கிட்). போய்ப் பாருங்கள்.

ரெண்டாவது பிள்ளை வயித்துல இருந்தப்ப சீனி ஏறிச்சு. பிரசவத்துக்கு அப்புறம் போயிடுச்சுன்னு விட்டுட்டேன். பிள்ளைக்கு இப்ப நாலு வயசு. எனக்கு 29. (ஜாலோங்)

நீங்கள்தான் எனக்கு முதல் ஆள், தங்கச்சி. 30-ஐ மறந்துவிடுங்கள். கர்ப்பத்தில் ஏறிய சீனி பிரசவத்தோடு இறங்கியது உண்மையாக இருக்கலாம். ஆனால் உடம்பு ஒருமுறை கையை விரித்துக் காட்டிவிட்டது. பாரம் கூடினால் திரும்பவும் விரிக்கும். பிள்ளை பிறந்து ஆறு வாரத்தில் 75 கிராம் குளுக்கோஸ் தண்ணீர் குடிக்கக் கொடுத்து ரத்தம் பார்த்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் வீட்டில் கைக்குழந்தை, மூத்தது, மாமியார் பத்தியம். எத்தனை பேர் போகிறார்கள்? நான் பார்த்தவரை பாதிப் பேர்கூட இல்லை.

இந்த வாரமே போங்கள். பழைய கர்ப்பப் புத்தகத்தை எடுத்துப்போய்க் காட்டுங்கள். எண் நன்றாக இருந்தாலும் இனி ஆண்டுக்கு ஒருமுறை, ஆயுள் முழுக்க. மூன்றாவது பிள்ளை யோசனை இருந்தால், தங்கிய பிறகு அல்ல, தங்குவதற்கு முன்பே பாருங்கள்.

கோயில் மருத்துவ முகாமில் விரலைக் குத்திப் பார்த்தாங்க, 8.9. எனக்கு இனிப்பு நீர் வந்துடுச்சா? (லோரி ஓட்டுநர்)

சாப்பிட்டிருந்தீர்களா? அன்னதானத்துக்கு முன்னா, பின்னா? அதை எழுதவில்லையே அண்ணே. எப்படியானாலும் விரல் குத்து ஒரு சந்தேகம், தீர்ப்பு அல்ல. வெறும் வயிற்றில் 5.6, மற்ற நேரத்தில் 7.8 வந்தாலே நரம்பில் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். உங்களுக்கு 8.9. எடுங்கள்.

இந்திய வீடியோவில் 126-ன்னு சொல்றாங்க, எங்க மீட்டர்ல 7-ன்னு வருது. மீட்டர் கெட்டுப்போச்சா?

கெடவில்லை. அங்கே மில்லிகிராம் கணக்கு, இங்கே மில்லிமோல் கணக்கு. 7-ஐ 18-ஆல் பெருக்குங்கள்.

எச்பிஏ1சி (மூணு மாசச் சீனிச் சராசரி காட்டுற ரத்தச் சோதனை) 6.4 வந்துச்சு. டாக்டர் இனிப்பு நீர்ங்கிறார். மகள் நெட்ல பார்த்துட்டு 6.5-க்கு மேலதான்ங்கிறா. யார் சொல்றது சரி?

மகள் படித்தது அமெரிக்கக் கணக்கு. நம் நாட்டு வழிகாட்டியில் எல்லை 6.3. 5.7-லிருந்து 6.2 வரை முன்நிலை, அதாவது நோய்க்கு முந்தைய படி. ஆகவே ஈப்போவில் நோயாளி, நியூயார்க்கில் இல்லை! சிரிப்பாக இருந்தாலும் காரணம் இருக்கிறது: எல்லை என்பது மனிதர் போட்ட கோடு, நோய் கோடு பார்த்து வருவதில்லை. அறிகுறி எதுவும் இல்லையென்றால் இன்னொரு முறை சோதித்து உறுதி செய்வது வழக்கம், அதைக் கேளுங்கள். ரத்தச் சோகையோ தாலசீமியாவோ இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர்களுக்கு இந்த எண் பொய் சொல்லும். வெறும் வயிற்று ரத்தமும் குளுக்கோஸ் தண்ணீர்ச் சோதனையும்தான் அவர்களுக்குச் சரி.

எனக்கு ஒண்ணும் செய்யலை, எறும்பும் வரலை. ஏன் பார்க்கணும்?

மேலே முதல் பதில்.

எனக்கு 45, தாகம் இல்லை. பார்க்கணுமா?

முதல் பதில்.

நாவல் கொட்டைப் பொடி சாப்பிட்டுட்டு இருக்கேன். அதோட சோதனைக்குப் போகலாமா?

போகலாம். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டரிடம் சொல்லுங்கள். பொடி வேலை செய்கிறதா என்று எண்ணே காட்டும், நான் வாதாட வரவில்லை.

டிரெசர் ஐயா, ஓய்வுபெற்ற ஆசிரியன் பேசுகிறேன். இங்கிலாந்தில் 40 முதல் 69 வயது வரை 20,000 பேரை வைத்து ஆய்வு செய்து 2012-ல் வெளியிட்டார்கள். சோதனைக்கு அழைத்தவர்கள், அழைக்காதவர்கள், இரு தரப்பிலும் பத்து வருடச் சாவுக் கணக்கு ஒன்றுதான். நல்லா இருக்கிறவனை நோயாளியாக்கி மாத்திரை விற்கிற வேலை இது என்கிறேன்.

வாத்தியார் வந்துவிட்டார்! ஆய்வு உண்மைதான் ஐயா, மறைக்க மாட்டேன். ஆனால் அங்கே சோதனைக்கு அழைத்த நூறு பேரில் ஏறத்தாழ மூன்று பேருக்குத்தான் புதிதாக நோய் கண்டார்கள். மீன் குறைந்த குளத்தில் வலை வீசினால் வலையைக் குறை சொல்ல முடியாது. நம் ஊர்க் குளம் வேறு. சராசரி வயதும் அங்கே 58. 30 வயதுக்காரனைப் பற்றி அந்த ஆய்வு வாயே திறக்கவில்லை.

குளம் வேறு என்பது உவமை, ஆதாரம் அல்ல. முன்கூட்டித் தெரிந்து என்ன லாபம்?

சரி, சென்னைக்கு வாருங்கள். 2006-ல் வெளியான ஆய்வு, நம் ரத்தம். முன்நிலையில் இருந்தவர்களைச் சும்மா விட்டதில் மூன்று வருடத்தில் 55 விழுக்காட்டினருக்கு முழு நோய். நடை, சாப்பாடு என்று மாற்றியவர்களில் 39.3. அதற்கு மாத்திரை எதுவும் இல்லை ஐயா, விற்க ஒன்றுமில்லை. ஆனால் முன்நிலை என்று தெரிய ரத்தம் பார்த்தாக வேண்டுமே.

அப்போதும் 39 பேருக்கு வந்ததே?

வந்தது. எல்லாரையும் காப்பாற்றும் என்று நான் சொல்லவில்லை. சாவுக் கணக்கை மட்டும் பார்க்கிறீர்கள். நான் காலைப் பார்த்தவன். பால்மரம் (ரப்பர்) வெட்டும் ஆள் ஒருவர், 38 வயது, முள் குத்திய விரல் மூன்று வாரமாய் ஆறவில்லை என்று வந்தார். வலியே இல்லை என்று சிரித்தார். வலி இல்லாததுதான் என்னைப் பயமுறுத்தியது. அன்று பார்த்ததில் 19. எத்தனை வருடமாக ஏறியிருந்ததோ! விரல் போயிற்று. அவர் செத்துவிடவில்லை, ஆகவே உங்கள் கணக்கில் வர மாட்டார்.

உங்கள் பால்மரக்காரருக்கு என் அனுதாபம். இருந்தாலும் எல்லாரையும் வருஷா வருஷம் குத்துவது அதிகம்.

அதில் பாதி ஒத்துக்கொள்கிறேன். அமெரிக்கர்கள் எல்லாம் சரியாக இருப்பவர்களை மூன்று வருடத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்கிறார்கள், தொடங்குவதும் 35-ல். நம் வழிகாட்டி ஆண்டுதோறும் என்கிறது. குடும்பத்தில் யாருக்கும் இல்லாத, ஒல்லியான, தினம் நடக்கிற ஆள் ஒரு வருடம் தவறவிட்டால் நான் சண்டைக்கு வர மாட்டேன். அப்படி ஓர் ஆளை நம் ஊரில் காட்டுங்கள் வாத்தியாரே, கோப்பி வாங்கித் தருகிறேன்.

எனக்கு கொலஸ்ட்ரால் மாத்திரை சேரலை, நிறுத்தவா?

கொடுத்த டாக்டரிடம்.

ரெண்டு வருஷம் முன்ன பார்த்தேன், நார்மல்னு சொன்னாங்க.

எண்?

மறந்துட்டேன்.

அப்போது பார்க்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். முகாமோ கிளினிக்கோ, முடிவைத் தாளில் எழுதி வாங்குங்கள், இல்லையென்றால் போனில் படம் எடுங்கள். போன வருடம் 5.2, இந்த வருடம் 5.9 என்றால் அந்த ஏற்றம்தான் செய்தி.

வயிறு இல்லை, மெலிஞ்சிட்டே வர்றேன், ராத்திரி நாலு தடவை ஒண்ணுக்கு. 30 ஆகலை. பொறுக்கலாமா?

பொறுக்காதீர்கள். வயதுக் கணக்கு நன்றாக இருப்பவர்களுக்குத்தான். நாளை காலையே கிளினிக். வாந்தி, மூச்சு வாங்குதல் இருந்தால் இன்றே ஆஸ்பத்திரி.

நாளைக்கு வெறும் வயித்துல வரச் சொல்லியிருக்காங்க. காலைல கோப்பி ஓ கொசோங் குடிக்கலாமா? சீனி போட மாட்டேன்.

வேண்டாம். எட்டு மணி நேரம் பச்சைத் தண்ணீர் மட்டும். பையில் இரண்டு ரொட்டி வைத்துக்கொள்ளுங்கள், ரத்தம் கொடுத்ததும் சாப்பிடலாம். கோப்பியும் அப்போது.